புதன்கிழமை அது என் மேசையில் இருந்தது

மக்கா, நீ அனுப்பிய தபாலில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று அழைப்பிதழ். எல்லைப் போராட்டக் காலத்தில் பாடுபட்டவர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் கூட்டமாம்; அதில் ஏழாவதாக என் பெயர் அச்சாகியிருந்தது. இன்னொன்று உன் கையால் எழுதிய கடிதம். நீ வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் ஏற்றம் வந்தால் திக்கித் திக்கி நின்றுவிடுகிறது, கார்புரேட்டரை நானே கழற்றிச் சுத்தம் செய்யலாமென்று இருக்கிறேன், எப்படி என்று எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். கூடவே ஒரு கேள்வி. "பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை மோட்டார் சைக்கிள் வேலை என்றால் அப்பாதான் என்று பழைய ஆட்கள் சொல்லுகிறார்கள். பிறகு ஏன் அதை விட்டுவிட்டு டீசல் பம்பு வேலைக்குப் போனீர்கள்?" அழைப்பிதழையும் கடிதத்தையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். உனக்கு இந்த வயதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லாமல் இரண்டுக்கும் என்னால் பதில் எழுத முடியாது.

கார்புரேட்டர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது எளிது. பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டுக் கழற்று. வெள்ளைத் தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, கழற்றுகிற வரிசையிலேயே ஒவ்வொன்றையும் அதில் வை. அடிக்கிண்ணத்தில் என்ன படிந்திருக்கிறது என்று பார். துருப்பொடி கிடந்தால் குற்றம் கார்புரேட்டரில் இல்லை, டாங்கில் இருக்கிறது. ஜெட் என்பது நடுவில் ஊசித்துளை உள்ள சின்னப் பித்தளைத் திருகு. அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார். துளை வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் பெட்ரோலில் ஊறவைத்து ஊது. கம்பியை விட்டுக் குத்தாதே, துளை ஒரு மயிரளவு பெருத்தாலும் வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். மிதவையைக் காதருகே குலுக்கிப் பார். உள்ளே பெட்ரோல் தளும்பினால் ஓட்டை என்று அர்த்தம். சுடுதண்ணீரில் அமுக்கு, குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. மிதவையோடு ஏறி இறங்கும் ஊசியின் முனையை நகத்தால் தடவு, பள்ளம் தட்டினால் புதிது போடு. பழைய கேஸ்கெட்டை, பெட்ரோல் கசியாமலிருக்க மூட்டில் வைக்கிற அட்டையை, திரும்பப் போடாதே. அவசரப்படாதே. இவ்வளவுதான்.

உன் அம்மை உங்களுக்குச் சொல்லித் தந்த கதை உனக்கு நினைவிருக்கும். "போராட்ட காலத்தில அப்பாவ போலீசு ஸ்டேஷனுக்குக் கொண்டு போச்சு. பகல் முழுக்க இருத்தி வச்சும் ஒருத்தருக்க பேரையும் அவரு சொல்லல்ல." நீ எட்டாம் வகுப்பில் இதைப் பேச்சுப் போட்டியில் சொல்லி ஒரு சோப்புப் பெட்டி பரிசு வாங்கிக்கொண்டு வந்தாய். ஓடிவந்து என் கையில் தந்தாய். நான் வாங்கிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம், நல்லா இருக்கு" என்று சொன்னேன். அந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, மக்கா. என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பகல் முழுக்க இருந்தேன். யார் பெயரையும் சொல்லவில்லை. ஏனென்றால் யார் பெயரையும் அவர்கள் என்னிடம் கேட்கவில்லை. கேட்டது ஒரு கிழமையை மட்டும்.

அந்த வருஷங்களைப் பற்றி நீ புத்தகத்தில் படித்திருப்பாய். மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், கடையடைப்பு. எங்கள் பக்கத்தில் அது வீட்டுக்கு வீடு வேறு மாதிரி இருந்தது. வீட்டில் தமிழும் சந்தையில் மலையாளமும் பேசுகிறவர்கள் நாங்கள். யாரிடம் எதில் முதல் வார்த்தை பேசுவது என்றே அப்போது பயம். என் பட்டறை வீட்டை ஒட்டி ரோட்டோரத்தில், ஓலைக் கூரையும் இரண்டு பெஞ்சும் ஒரு மேசையுமாக இருந்தது. சைக்கிள்தான் அதிகம் வரும். மோட்டார் சைக்கிள் அந்தப் பகுதியிலேயே மூன்றோ நாலோ. அதில் ஒன்று ஞானமணி கம்பவுண்டருடையது. தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன வண்டி. அதில்தான் அவர் கோட்டுகால்வரைகூடப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுவார், ஊசி போடுவார். மற்றபடி அவர் செய்த போராட்டம், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் வேண்டுமென்று ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தது. நல்ல கையெழுத்து. கல்லெடுத்து ஒரு நாய்மேல்கூட எறியாத மனுஷன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். "மேஸ்திரி, பெட்ரோலு ஒழுகுது. ஏத்தத்தில இழுக்கவும் இல்ல." திறந்து பார்த்தேன். மிதவையில் ஊசிமுனை அளவு ஓட்டை, ஜெட்டில் துருப்பொடி. கார்புரேட்டரை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். வண்டியை அவர் வீட்டுக்கே உருட்டிக்கொண்டு போனார். செவ்வாய்க்கிழமை ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தேன். கேஸ்கெட்டுக்காக நெய்யாற்றின்கரைக்குப் போனேன், கடைகள் அடைத்துக் கிடந்தன. ஆகவே புதன்கிழமை முழுவதும் அந்தக் கார்புரேட்டர் என் மேசையில், எனாமல் தட்டில், பிரித்துப் போட்டபடி இருந்தது. மத்தியானம் தூறல் விழுந்தபோது தட்டை எடுத்து உள்ளே வைத்தவள் உன் அம்மை. அப்போது நீ அவள் வயிற்றில் ஏழு மாதம்.

அதே புதன்கிழமை சாயங்காலம் ஜங்ஷனில் ஒரு பஸ்ஸின்மேல் கல் விழுந்தது. ஒரு போலீஸ்காரனுக்கு நெற்றி உடைந்தது. எறிந்தவன் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ராத்திரியே கம்பவுண்டரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பது எனக்கு வியாழக்கிழமை காலையில்தான் தெரியும். ஐயோ பாவம் என்று நினைத்தேன். கூடவே, அதெப்படி, வண்டியின் கார்புரேட்டர் நம்மிடமல்லவா இருக்கிறது, அது இல்லாமல் வண்டி நகராதே, நாம் போய்ச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றும் நினைத்தேன். சொல்லப் போகலாம் என்று சட்டையைக்கூட எடுத்தேன். இதை உன்னிடம் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரியானது எது என்று எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தது என்பதை நீ அறிய வேண்டும்.

சட்டையை மாட்டுவதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார், இரண்டு போலீஸ்காரர்களோடு. "எடோ, கம்பவுண்டரோட வண்டி நோக்குந்நது நீயல்லே?" என்றார். ஆமாம், அவர் வண்டியைப் பார்ப்பது நான்தான் என்றேன். தட்டைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். "கார்புரேட்டராக்கும் சாரே." "எப்ப கழற்றின?" "திங்களாழ்ச்ச." அதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. எனக்குப் புரிவதற்கு முன்னாலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தார். ஜெட்டை விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு நல்ல தமிழில், மெதுவாகச் சொன்னார்: "புதன்கிழமை இது வண்டியில இருந்துது. நீ புதன்கிழமைக்கு முன்னாலயே திருப்பிக் குடுத்தாச்சு. என்ன? உனக்கு இந்தப் பட்டறை இங்க நடக்கணும் இல்லியா?"

அவ்வளவுதான் சொன்னார். என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஒரு பெஞ்சில் இருத்தினார்கள். ஒரு அடி அடிக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. மத்தியானம் ஒரு போலீஸ்காரர் தேத்தண்ணீர்கூட வாங்கித் தந்தார். உள்ளே கம்பவுண்டர் இருமுகிற சத்தம் கேட்டது. அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே நான் தேத்தண்ணீரைக் குடித்தேன். பிற்காலத்தில் எத்தனையோ நாள் எனக்குள்ளேயே வழக்காடியிருக்கிறேன்: மனைவி கர்ப்பிணி, முதல் பிள்ளை, பட்டறை போனால் பட்டினி, அதனால்தானே செய்தேன் என்று. உனக்காகச் செய்தேன் என்றுகூடச் சொல்லிக்கொண்டேன். அது பொய், மக்கா. அந்த பெஞ்சில் இருந்தபோது உன் நினைவோ உன் அம்மை நினைவோ எனக்கு வரவேயில்லை. உள்ளே இருமுகிறவர் நானாகிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் இருந்தது. அந்தப் பழியை உன் தலையில் வைத்ததற்கும் சேர்த்து இப்போது வெட்கப்படுகிறேன்.

நாலு மணிக்கு என்னைத் தட்டோடு ஜீப்பில் ஏற்றி கம்பவுண்டர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வண்டி முற்றத்தில் மாமரத்தடியில் நின்றது. கார்புரேட்டரை வண்டியில் பூட்டு என்றார்கள். கேஸ்கெட் இல்லை. காலண்டர் அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, கத்திரியால் வெட்டி, எண்ணெய் தடவிப் போட்டேன். கம்பவுண்டரின் மனைவி சாராள் அக்கா வாசலில் இருந்து இறங்கி வந்தாள். அவளுக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது.

"மேஸ்திரி, இது திங்கக்கிழமையே உங்க கையில வந்துதில்லா? இவங்ககிட்ட சொன்னியளா?"

நான் நிமிரவில்லை. ஜெட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன்.

"மேஸ்திரி, உங்ககிட்டயாக்கும் கேக்கேன். சொன்னியளா?"

மிதவையைக் காதருகே குலுக்கினேன். ஊசியைப் பொருத்தினேன். கிண்ணத்தை இறுக்கினேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவள் பாதம் மட்டும் எனக்குத் தெரிந்தது. ஒரு திருகை அரைகுறையாக விட்டிருந்தால் போதும், மிதவையைக் கொஞ்சம் கோணலாக வைத்திருந்தால் போதும். வண்டி அன்று கிளம்பியிருக்காது, அவர்கள் வழக்கும் நிலைத்திருக்காது. வாயைத் திறக்கத் தைரியம் இல்லாதவன் கையாலாவது அதைச் செய்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு கார்புரேட்டரை நான் பூட்டியதில்லை. ஒரே உதை. வண்டி கிளம்பிவிட்டது. "கொள்ளாம், நல்ல பணி" என்று இன்ஸ்பெக்டர் என் தோளில் தட்டினார். சாராள் அக்கா உள்ளே போய்விட்டாள்.

வழக்கு நடந்தது. கம்பவுண்டருக்காக வாதாடியவர் ஒரு மலையாளி வக்கீல். யாரும் கூப்பிடாமல் தானாக வந்து அந்த வழக்கை எடுத்தவர். விசாரணைக்கு முந்தின நாள் என் பட்டறைக்கு வந்து, "பயப்படண்டா. ஒள்ளது பறஞ்ஞா மதி" என்றார். உள்ளதைச் சொன்னால் போதுமாம். சரி என்று தலையாட்டினேன். மறுநாள் கூண்டில் ஏறினேன். அவர் கேட்டார், கார்புரேட்டர் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடுமா என்று. ஓடாது என்றேன். அப்படியென்றால் புதன்கிழமை அது எங்கே இருந்தது என்று கேட்டார். கம்பவுண்டர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கவலை இல்லை, அதுதான் இன்றும் என்னைக் கொல்லுகிறது. நான் உள்ளதைச் சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டு நிற்கிற முகம். "வண்டியில இருந்துது" என்றேன். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வண்டி ஒரே உதையில் கிளம்பியதை இன்ஸ்பெக்டர் சாட்சியாகச் சொன்னார். ஏழு மாதம் தண்டனை. என் கைவேலைதான் அவருக்கு எதிரான சாட்சி.

வீட்டுக்கு வந்தபோது உன் அம்மை ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். தூறலில் அந்தத் தட்டை எடுத்து வைத்த கை அவளுடையது. நாற்பது வருஷத்துக்குமேல் ஒன்றாக இருந்தோம், ஒரு தரம்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. நீங்கள் பிறந்த பிறகு அவளாகவே அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். பிள்ளைகள் அப்பனை மதிக்க வேண்டுமே என்று செய்திருப்பாள். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போவேன். அடக்கம் என்று நீங்கள் நினைத்தீர்கள். நீ ஏழாவது படிக்கையில் என் ஸ்பேனரை எடுத்துத் தொலைத்துவிட்டு, "நான் எடுக்கல்ல" என்று சொன்னாயே, பொய் சொன்னதற்காக ரப்பர் குழாயால் உன்னை அடித்தேனே, காலில் தடிப்புப் போட்டு ஒரு வாரம் கிடந்தாய். பொய்க்கு அடிக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? அன்று ராத்திரி உன் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே உன் அம்மை என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த வருஷம்தான் மோட்டார் சைக்கிள் வேலையை அடியோடு விட்டேன். டீசல் எஞ்சினில் கார்புரேட்டர் கிடையாது. உன் கேள்விக்கு அதுதான் பதில்.

கம்பவுண்டர் வெளியே வந்தபோது பழைய வேலை இல்லை. வண்டியை விற்றார்கள். இருமல் போகவில்லை. எல்லை பிரித்து, நாங்கள் மலையாளப் பக்கமே நின்றுபோன பிறகு, ஒரு நாள் நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஏறினேன். ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது, அவர் பக்கத்தில். அவரே நகர்ந்து இடம் கொடுத்தார். "இரியும் மேஸ்திரி. பிள்ளைக்கு சொகமா?" என்று உன்னைத்தான் கேட்டார். "சொகம்" என்றேன். அடுத்த நிறுத்தத்தில் வேலை இருப்பதுபோல் இறங்கிவிட்டேன். நாலு மைல் நடந்தேன். பிறகு அவர் இறந்தபோது கல்லறைத் தோட்டத்தின் கேட் வரைக்கும் போனேன். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

உன் அழைப்பிதழ் வந்த மூன்றாம் நாள் காஞ்சிரங்குளத்துக்குப் பஸ் ஏறினேன். சாராள் அக்கா அங்கே மகள் வீட்டில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மகள்தான் கதவைத் திறந்தாள். யாரென்று சொன்னேன். உள்ளே கட்டிலில் இருந்த அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன், ஆனாலும் என் வாயால் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க வருவியன்னு அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு மேஸ்திரி. ஜெயில்ல பாக்கப் போனப்பவும் அதாக்கும் சொன்னாரு. 'அவன் பயந்துட்டான் சாரா, வருவான்'ன்னு. அவருக்குக் கோவம் இல்ல. எனக்கு உண்டு. இன்னைக்கும் உண்டு. அத விடச் சொல்லி என்கிட்ட கேக்காதீங்க."

"கேக்கல்ல அக்கா."

அழைப்பிதழை எடுத்துக் காட்டினேன். என் பெயரை எடுத்துவிட்டுக் கம்பவுண்டர் பெயரைப் போடச் சொல்லப் போகிறேன் என்றேன். அவள் காகிதத்தைக் கையில் வாங்கவில்லை.

"வேண்டாம். உங்க பேர வெட்டின எடத்தில அவருக்க பேரு வரண்டாம்."

அழைப்பிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். வெளியே மீன்காரன் கூவிக்கொண்டு போனான். அவள் மகள் சமையற்கட்டு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்கா கேட்டாள்:

"இந்தப் பேர குடுத்தது ஆரு?"

"எனக்க மகன்."

"அவனுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எனக்கிட்ட வந்து என்ன சொல்ல? எனக்குத் தெரியாததா? அவனுக்கிட்ட போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க. இன்னைக்கு உங்களுக்கு காப்பி தரல்ல. அன்னைக்குத் தாறேன்."

அதனால்தான் இந்தக் கடிதம், மக்கா. நானாக எழுதினேன் என்று நினைத்துவிடாதே. அந்தத் தைரியம் இந்த வயதிலும் எனக்கு வரவில்லை, அவள் சொல்லித்தான் எழுதுகிறேன். கூட்டத்துக்காரர்களிடம் என் பெயரை எடுக்கச் சொல். உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லாதே, உள்ளதைச் சொல். உன் தங்கையிடமும் நீயே வாசித்துக் காட்டு. அவளிடம் என் குரலில் சொல்ல என்னால் ஆகாது. என்மேல் உனக்கு என்ன தோன்றுகிறதோ அது நியாயம்தான். நான் வாதாட வரமாட்டேன். கொஞ்ச நாள் என்னிடம் பேசாமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் அப்படியே இரு. ஆனால் படித்துவிட்டேன் என்று மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு. அது வந்த பிறகுதான் நான் காஞ்சிரங்குளத்துக்குப் பஸ் ஏற முடியும்.

அப்பா